செவலையும் தவிடனும்

துளசிமணிக்குப் புலி, நாச்சிமுத்துவுக்குச் சிங்கம் என்று முடிவானது சீட்டுக் குலுக்கித்தான். டாக்டர் ஹசீனா இரண்டு துண்டுக் காகிதங்களை மடித்துக் காப்பி டம்ளருக்குள் போட்டு நீட்டினார். துளசிமணி எடுத்த சீட்டில் ‘செவலை’ என்று இருந்தது. மிச்சமிருந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நாச்சிமுத்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“பிரிச்சுப் பாருங்க” என்றார் டாக்டர்.

“இன்னொண்ணுதானுங்களே” என்றான் அவன். அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

உடுமலைப்பேட்டையில் துளசிமணியைத் தெரியாதவர்கள் குறைவு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாவட்ட அளவில் மூன்று முறை ஜெயித்த வாலிபால் அணியை உருவாக்கியவள். அவள் விசில் அடித்தால் பக்கத்துத் தெரு ஆட்டோக்கள் நின்றுவிடும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் வீட்டில் குறைந்தது பத்துப் பேராவது சாப்பிடுவார்கள். பழைய மாணவிகள், அவர்களுடைய கணவர்மார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வழி தவறி வந்தவர்கள்.

நாச்சிமுத்து அந்த வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தான். அளவு எடுக்கும்போது கூட எண்களை வாய்க்குள்தான் சொல்லிக்கொள்வான். தையல் மெஷின் அவனைவிட அதிகம் பேசும். இருவருக்கும் கல்யாணமாகி இருபது வருடம். மகள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்தில் இருந்த வனவிலங்கு ஆய்வு மையம், நன்றாகப் பழகிய இரண்டு பேர் ஜோடியாக வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. விண்ணப்பம் போட்டது துளசிமணி. கையெழுத்துப் போட்டது இருவரும்.

“விலங்கோட கழுத்துல ஒரு பட்டை. உங்க தலையில ஒரு தொப்பி” என்று டாக்டர் விளக்கினார். “அதோட உடம்புல நடக்கிறதெல்லாம் உங்க உடம்புல நடக்கிற மாதிரி தெரியும். ஆனா அதை நீங்க நடத்த முடியாது, ஓட வைக்க முடியாது. தினம் காலையில மூணு மணி நேரம். மூணு மாசம்.”

“எதுக்கு ஜோடியா வேணும்னீங்க?” என்றாள் துளசிமணி.

“உங்க பழக்கத்துல ஏதாச்சும் மாறினா உங்களுக்கே தெரியாது. உங்களை இருபது வருஷமா பார்க்கிறவருக்குத் தெரியும்.”

டாக்டர் மேஜை மேல் இரண்டு கீழ்த்தாடை எலும்புகளை எடுத்து வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கட்டைவிரல் தடிமனில் கோரைப்பற்கள். டாக்டர் ஒன்றை விரலால் தட்டினார். அது தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடியது. இன்னொன்றைத் தட்டினார். அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“ஆடினது சிங்கம். ஆடாதது புலி. அடிப்பக்கம் சிங்கத்துக்கு வளைவு, புலிக்குத் தட்டை. தோலையும் பிடரியையும் எடுத்துட்டா நாங்களே இந்த மாதிரி தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கோணும். உள்ளுக்குள்ள அவ்வளவு நெருக்கம். வாழறது மட்டும் தலைகீழ். ஒண்ணு தனியா வாழும், ஒண்ணு கூட்டமா வாழும். அது ஏன்னு அளவுகோல் வச்சுக் கண்டுபிடிக்க முடியல. உடம்புக்குள்ள இருந்து ஆளுக யாராச்சும் சொன்னாத்தான் உண்டு.”

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஊசிப்பாறைக் காடு இருபத்திரண்டு வருடங்களாக நட்டு வளர்க்கப்பட்ட காடு. மான் பெருகிவிட்டது. துளிர்க்கும் கன்றையெல்லாம் தின்று தீர்க்கிறது. அங்கே வேட்டையாடும் பெரிய விலங்கு ஒன்று வேண்டும். செவலை, தவிடன் இரண்டுமே தாயை இழந்த குட்டிகளாக வந்து மையத்தில் வளர்ந்தவை. எதை விடுவது என்று மூன்று மாதத்தில் ஒரு குழு முடிவு செய்யும். விடப்படாதது வேலிக்குள்ளேயே ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான்.

பராமரிப்பாளர் வெள்ளியங்கிரி அவற்றைக் காட்ட அழைத்துப்போனான். மாடுகளுக்கு வைப்பதுபோல நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவன் அவன்தான். புலி செம்மண் நிறம், அதனால் செவலை. சிங்கம் தவிட்டு நிறம், அதனால் தவிடன். நடுவில் ஒரு கம்பி வேலி. அதற்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று.

“எடையில செவலை எச்சுங்க. இருநூத்திப் பதினஞ்சு கிலோ” என்றான் வெள்ளியங்கிரி. “தவிடன் நூத்தியெண்பதுதான். ஆனா நின்னா தோள்கிட்ட தவிடன் ரெண்டு விரக்கடை உசரம். நம்ம பக்கத்துச் சிங்கத்துக்குப் பிடரி கம்மி, காது வெளிய தெரியும் பாருங்க.”

நாச்சிமுத்து தவிடனைப் பார்த்தான். தவிடன் கொட்டாவி விட்டது.

தொப்பியைப் போட்ட முதல் நாள் துளசிமணி நாற்காலியிலிருந்து முன்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தாள். பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளமாக இருந்தன. நிற்கும்போதே சரிவில் நிற்பதுபோலவும், யாரோ பின்னாலிருந்து ‘போ’ என்று தள்ளிக்கொண்டிருப்பதுபோலவும் இருந்தது. முப்பது வருடம் மைதானத்தில் துள்ளியவள் அவள். இப்படி ஒரு இடுப்பு தனக்கு இருந்திருந்தால் தேசிய அணியில் ஆடியிருப்பேன் என்று அன்றைய குறிப்பில் எழுதினாள். செவலை நடந்தபோது பின்பாதம் முன்பாதம் பதிந்த இடத்திலேயே பதிந்தது. சருகு கூட நொறுங்கவில்லை. பிறகு அது குட்டைக்குள் இறங்கி வாலை முதலில் நனைத்துக் கழுத்துவரை மூழ்கிப் படுத்தது. துளசிமணிக்கு உள்ளங்காலிலிருந்து குளிர்ந்தது. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தாள்.

நாச்சிமுத்துவின் குறிப்பு நான்கே வரிகள். கழுத்து கனக்கிறது. பிடரிக்குள் வியர்க்காமலேயே புழுங்குகிறது. நாற்பது எட்டு வைத்து ஓடியதும் நெஞ்சு வெடிக்கிறது. மற்ற நேரமெல்லாம் தூக்கம்.

“உடம்புக்கு இதயம் சின்னதுங்க அதுக்கு” என்றார் டாக்டர். “ரொம்ப தூரம் ஓடாது. அதனாலதான் நாலஞ்சு பேர் சேர்ந்து மடக்கோணும்.”

ஐந்தாம் வரி ஒரு வாரம் கழித்து வந்தது. தவிடன் அன்று முதல் முறையாகக் கர்ஜித்தது. ‘அது தொண்டையில் தொடங்கவில்லை. அடிவயிற்றில் தொடங்குகிறது. விலா எலும்பெல்லாம் கலகலத்தது. எனக்கு அழுகை வந்தது’ என்று எழுதியிருந்தான். துளசிமணி அதை இரண்டு முறை படித்தாள்.

அதன்பின் வீட்டில் தினமும் காலைச் சாப்பாட்டு நேரம் சண்டையாகிவிட்டது. இருபது வருடத்தில் நாச்சிமுத்து எதற்காகவும் வாதாடி அவள் பார்த்ததில்லை.

“எங்காளு ஒத்தையா நின்னு ஒரு காட்டெருமையைச் சாய்ப்பான்” என்பாள் அவள்.

“எங்காளு கூப்பிட்டா அஞ்சு மைலுக்குக் கேக்கும்.”

“கூப்பிட்டு என்ன பண்ண? மான் ஓடிப்போயிரும்.”

“மானைக் கூப்பிடல அம்மிணி. சொந்தக்காரங்களைக் கூப்பிடறான்.”

“எங்காளுக்கு நீச்சல் தெரியும்.”

“எங்காளுக்கு வால் நுனியில குஞ்சம் இருக்குது” என்றான் நாச்சிமுத்து. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இரண்டாம் மாதத்தில் சிரிப்பு குறைந்தது. முதலில் கவனித்தவன் நாச்சிமுத்து. துளசிமணி நடக்கும் சத்தமே கேட்பதில்லை. சமையலறையில் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். பள்ளியில் மாணவிகள் அலறியடித்துக்கொண்டு ஓடியதாகச் செய்தி வந்தது. அவள் விசிலை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

அவளும் அவனைக் கவனித்தாள். அவன் கடையிலிருந்து, “அடுத்த ஆளு வாங்க” என்று கூப்பிட்டது தெருக்கோடி டீக்கடையில் கேட்டது. மதியம் தைக்கும் துணிமேலேயே தலைவைத்து மூன்று மணி நேரம் தூங்கினான். சாப்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்றான். வாடிக்கையாளர்களைப் பிடித்து உட்கார வைத்தான். தபால்காரர், மின்வாரிய ஊழியர், சட்டை தைக்கவந்த மூன்று மாப்பிள்ளைத் தோழர்கள். எல்லோருக்கும் முன்னால் அவன்தான் முதல் கவளத்தை எடுத்தான். அதைச் செய்த பிறகு வெட்கப்பட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை துளசிமணி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளியே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, நான் மேல் ரூமுக்குப் போயிக்கிறேன்.”

“என் மேல கோவமா?”

“கோவமே இல்லீங்க. பக்கத்துல ஆள் மூச்சு விட்டா முதுகெல்லாம் சிலுக்குது. நீங்கன்னு தெரியுது. ஆனாலும் சிலுக்குது.”

நாச்சிமுத்து கையிலிருந்த நாடாவைச் சுருட்டினான். “எனக்கு நீ இல்லாம தூக்கம் வராது துளசி. முன்னையும் அப்படித்தான். அப்பச் சொல்லத் தெரியல.”

அவள் கண் கலங்கியது. ஆனாலும் பாயை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னார்கள். அவர் முகம் மாறியது.

“இப்பவே நிறுத்திடலாம். கழட்டி மூணு வாரத்துல எல்லாம் வடிஞ்சு போகும். இது வரைக்கும் வந்த பரிசோதனையில அப்படித்தான்.”

“நிறுத்தினா செவலையோட கணக்கு அரைகுறையா நின்னுரும்” என்றாள் துளசிமணி. “குழு தவிடனை எடுத்துக்கும்.”

“தவிடனோடதுந்தான் நிக்கும்” என்றான் நாச்சிமுத்து. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “மன்னிச்சுக்குங்க” என்று குரலைத் தணித்துச் சொன்னான்.

அப்போது வெள்ளியங்கிரி கதவோரம் வந்து நின்றான். கையில் ஒரு சாக்கு இருந்தது.

“டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. மூணு நாளாச் சொல்லலாம்னு இருந்தனுங்க.”

தவிடனுக்கு விளையாடக் கொடுத்த கோணிச் சாக்கு அது. சிங்கம் சாக்கைக் கொடுத்தால் நார் நாராகக் கிழித்து எறிந்துவிடும். இது கிழிபடவில்லை. ஓரத் தையல் மட்டும் ஒவ்வொரு கண்ணாகப் பிரிக்கப்பட்டு, சாக்கு ஒரே விரிப்பாக இருந்தது.

“முன்னம்பல்லுல நூலைக் கவ்வி மெதுவா இழுக்குதுங்க. அரை நாள் உக்காந்து பிரிச்சுது. கர்ஜனை நின்னு பத்து நாளாச்சு. நான் போனா மூலையில போய்க் கம்முனு உக்காந்துக்குது.”

நாச்சிமுத்து சாக்கை வாங்கித் தையல் வழியைத் தடவினான்.

“செவலை?” என்றாள் துளசிமணி.

“அது பந்தை மூக்கால வேலிக்கு மேல தூக்கிப் போடுதுங்க டீச்சர். நான் திருப்பிப் போடற வரைக்கும் நின்னு பாக்குது. போடலைன்னா மூக்கால புஸ்புஸ்னு கூப்பிடுது. வர்ற போற ஆளுக்கெல்லாம் வணக்கம் வைக்கிற மாதிரி. நேத்துப் பால்காரரைக் கூப்பிட்டுது.”

முதலில் சிரித்தது துளசிமணிதான். அவளோடு வெள்ளியங்கிரியும் சிரித்தான். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இந்தப் பக்கம் வர்றதை மட்டுந்தான் நான் அளந்தேன்” என்றார். “அந்தப் பக்கம் போகும்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்னோடது.”

“பந்து விளையாடறதுல என்னங்க தப்பு?” என்றாள் துளசிமணி.

“மனுசரைக் கண்டா கிட்ட வர்ற புலியைக் காட்டுல விட முடியுமா? ஒரு மாசத்துல ஊருக்குள்ள வந்து நிக்கும். அது வணக்கம் வைக்குதுன்னு ஊர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்? கல்லெறிவாங்க. அப்புறம் துப்பாக்கி வரும். சிங்கத்தை ஒத்தையா விடமாட்டாங்க, துணையோடதான் விடுவாங்க. அது கூப்பிடலைன்னா கூட்டத்துல சேராது. சேராட்டி பட்டினிதான்.”

இரண்டு மாதமாக எங்காளு, எங்காளு என்று சண்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் பிரியமே அவற்றின் கதவைச் சாத்திவிட்டது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

குழு கூடிய நாளில் அவர்களுக்கும் பேச அழைப்பு இருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற வன அதிகாரி. முன்னால் இரண்டு விலங்குகளின் அளவுகளும் வரிசையாக இருந்தன. தோள் உயரம், எடை, பல் நீளம், கடியின் அழுத்தம், பாதத்தின் அகலம்.

“எல்லாத்துலயும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல” என்றார் தலைவர். “நீங்க உள்ள இருந்து பார்த்தவங்க. எது பலசாலி, நீங்களே சொல்லுங்க.”

துளசிமணி எழுந்தாள். பந்து விஷயம் அந்த ஆவணங்களில் இன்னும் ஏறவில்லை என்பது அவளுக்குத் தெரியும். டாக்டர், ‘நானே சொல்கிறேன்’ என்று எழப்போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அய்யா, ரெண்டையும் நாங்க கெடுத்து வச்சிருக்கோம்” என்றாள். சாக்கிலிருந்து பால்காரர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். “இப்ப விட்டீங்கன்னா ரெண்டுமே பிழைக்காது. எங்களுக்கு நாப்பது நாள் கொடுங்க. போன வழியிலயே திருப்பிக் கூட்டிட்டு வர்றோம்.”

“எப்படி?”

“எங்ககிட்ட இருந்து அதுக்குப் போகுதுன்னா, அதுக்கு எது வேணுமோ அந்த மாதிரி நாங்க இருக்கறோம். நான் தனியா இருக்கறேன். இவங்க கூட்டத்துல இருப்பாங்க.”

நாச்சிமுத்து தலையாட்டினான். அவன் நெற்றியில் அப்போதே வியர்வை.

நாற்பது நாளும் தொப்பி அனுப்ப மட்டுமே செய்யும், வாங்காது என்று டாக்டர் ஏற்பாடு செய்தார். விலங்கிடமிருந்து இவர்களுக்கு எதுவும் வராது. “உங்களை மறுபடியும் கெடுக்க மாட்டேன்” என்றார்.

ஊசிப்பாறையின் விளிம்பில் வனத்துறையின் பழைய காவல் கோபுரம் இருந்தது. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, துளசிமணி தொப்பியோடு அங்கே குடியேறினாள். இரண்டு நாளுக்கு ஒரு முறை வெள்ளியங்கிரி அரிசியும் காய்கறியும் படியடியில் வைத்துவிட்டு, மேலே பார்க்காமல் போய்விடுவான். தொலைபேசி இல்லை. முதல் வாரம் அவள் அடுப்போடு பேசினாள். அணியில் இதுவரை ஆடிய பெண்களின் பெயர்களை வருட வாரியாக ஒப்பித்தாள். பேச்சு நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதாம் நாள் கீழே இறங்கி, யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தபடி அரை நாள் நின்றாள். பிறகு, தான் பார்ப்பது செவலைக்கும் போகுமே என்று நினைவு வந்து வேகமாக ஏறிப்போனாள்.

பதினான்கு வயதில் விளையாட்டு விடுதிக்குப் போனவள் அவள். அதன்பின் ஒரு முழு நாளைத் தனியாகக் கழித்ததாக நினைவில்லை. பதினைந்தாம் நாளுக்குமேல் பேச்சு தானாக அடங்கியது. மழை வருவதற்கு முன் காற்றின் வாசனை இரண்டு முறை மாறுவதைக் கண்டுபிடித்தாள். மதியம் பாறைமேல் படுத்துக்கொண்டு எதையுமே யோசிக்காமல் இருந்தாள். இருபத்தெட்டாம் நாள் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டு வியந்தாள். தனக்குப் பாட வரும் என்று அவளுக்கே தெரியாது.

நாச்சிமுத்துவின் பாடு அவ்வளவு சுகமில்லை. காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு காய்கறிச் சந்தையில் தக்காளிக் கடைக்காரர் பக்கத்தில் நின்று கூவினான். முதல் நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள், “தக்காளி” என்று சொல்லிவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான். சிங்கம் தந்த குரல் அதற்குள்ளேயே வடியத் தொடங்கியிருந்தது. இனி சொந்தக் குரலில்தான் கூவ வேண்டும். கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து, “பந்திக்கு வாங்க” என்று அறிவித்தான். பத்துப் பேரோடு தரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினான். தினமும் மாலையில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, விளக்கைக்கூடப் போடாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பான். மறுநாள் காலை மறுபடியும் போவான்.

முப்பத்தோராம் நாள் முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்தபோது வெள்ளியங்கிரியின் அழைப்பு வந்தது.

“அண்ணா, பேசாதீங்க. கேளுங்க.”

போனிலிருந்து தவிடனின் கர்ஜனை வந்தது. பக்கத்தில் முட்டைக்கோஸ் விற்றவர் கூடையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்து முருங்கைக்கட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, யாரும் சொல்லாமலேயே, சந்தையே திரும்பும்படி, “முருங்கைக்கா” என்று கூவினான்.

செவலையும் தேறியது. பந்து ஒரு மூலையில் கிடந்தது. ஆள் வந்தால் புதருக்குள் போய்விட்டது. வெள்ளியங்கிரி கூப்பிட்டால் காதைத் திருப்பக்கூட இல்லை. குழு மீண்டும் வந்து ஒரு வாரம் மறைந்திருந்து பார்த்தது.

“எது பலசாலின்னு கேட்டதே தப்பு” என்றார் தலைவர் கடைசியில். “ஊசிப்பாறையில அடர்த்தி எச்சு. ஓடை இருக்குது. பதுங்கி ஒத்தையா வேட்டையாடறதுக்குத்தான் அது இடம். புலி போகட்டும்.”

“தவிடன்?” என்றான் நாச்சிமுத்து.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. வடக்கே ஒரு புல்வெளிச் சரணாலயத்தில் இரண்டு பெண் சிங்கங்கள் ஆண் துணையில்லாமல் இருந்தன. சரணாலயத்தார் ஓர் ஆண் சிங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் முப்பத்தோராம் நாள் கர்ஜனையைப் பதிவு செய்து அங்கே அனுப்பியிருந்தார். அந்த இரண்டும் ஒலிபெருக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தனவாம்.

தவிடன் லாரியில் ஏறிய அன்று நாச்சிமுத்து கூண்டருகே போகவில்லை. தூரத்தில் நின்றே பார்த்தான். நான்கு நாள் கழித்து செவலையை ஊசிப்பாறைக்குக் கொண்டுபோனார்கள். பழைய பட்டையைக் கழற்றிவிட்டு, இடம் காட்டும் மெல்லிய பட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். மரங்களுக்குப் பின்னால் ஜீப்பில் துளசிமணி, நாச்சிமுத்து, டாக்டர். கூண்டுக் கதவு உயர்ந்தது.

செவலை வெளியே வந்து நின்றது. பின்னங்கால்கள் லேசாக மடங்கி நிமிர்ந்தன. அந்த அசைவு எப்படி இருக்கும் என்று துளசிமணியின் இடுப்புக்குத் தெரியும். ஜீப் நிற்கும் திசையில் அது தலையைத் திருப்பவில்லை. ஓடையில் இறங்கி, அக்கரையில் ஏறி, தண்ணீரை உதறியது. பிறகு மூங்கில் புதரில் ஒரு கோடும் தெரியவில்லை.

“நம்மளைப் பார்க்கவே இல்ல” என்றான் நாச்சிமுத்து.

“ஆமா” என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அவளை மட்டும் அழைத்தார். மேஜைமேல் செவலையின் பழைய பட்டை பிரிந்து கிடந்தது. உள்ளே ஒரு தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர். உங்ககிட்ட இருந்து வர்றதை வாங்கற தகடு இதுதான். செவலைதான் எந்நேரமும் குட்டையில கிடக்குமே. நீங்க கோபுரத்துக்குப் போன மூணாவது நாளே தகட்டுல தண்ணி இறங்கிச் செத்துப் போயிருக்கு. பதிவை எடுத்துப் பார்த்தேன். தவிடன் தண்ணிக்குள்ள போறதில்ல, அதோட பட்டை நல்லா இருந்தது.”

துளசிமணி தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“அப்ப நான் அனுப்பினது எதுவும் அதுக்குப் போகல.”

“போகல.”

“அதுவாத்தான் தேறுச்சா?”

“அதுவாத்தான். நம்ம தொந்தரவு நின்னதும் அது பாட்டுக்குப் புலியாயிடுச்சு. உங்க நாப்பது நாளை வீணாக்கிட்டேன். என்னை மன்னிக்கோணும்.”

துளசிமணி முதலில் சிரித்தாள். முப்பத்தேழு நாள் யாருக்காக மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டாளோ, அவன் குட்டையில் படுத்துத் தூங்கியிருக்கிறான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“டாக்டர், ஒண்ணு கேக்கறேன். செவலைகிட்ட இருந்து எனக்கு வந்தது எப்ப வடிஞ்சிருக்கும்?”

“நீங்க கோபுரத்துல இருக்கும்போதே. மூணாவது வாரம் தாண்டியிருக்காது. அப்புறம் உங்களுக்கு எதுவுமே வரலையே, நாந்தான் அடைச்சு வச்சிருந்தேனே.”

“இன்னும் எனக்குச் சிலதெல்லாம் இருக்குதே. மத்தியானம் தனியா உக்காரத் தோணுது. யாரும் இல்லாத ரூம் வேணும்னு இருக்குது. முன்ன மாதிரி சிலுப்பெல்லாம் இல்ல. ஆனா வேணும்னு இருக்குது. புலியோட மிச்சம்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.”

டாக்டர் தலையசைத்தார். “புலியோடது இல்ல.”

அவள் பேருந்தில் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பழைய மாணவி ஒருத்தி, டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கிறேன் கண்ணு என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். காட்டு வேலையெல்லாம் முடிந்து டீச்சர் வீட்டில் முதல் விருந்து என்று எல்லோரும் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். துளசிமணி முன்னறைக்குப் போய் மெஷினருகே நின்றாள். ஒரு பேண்டுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து நிமிர்ந்தான். காட்டிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் மேல் அறைக்குப் போவதில்லை. இரவில் அவன் பக்கத்தில்தான் படுக்கிறாள். முதுகு சிலிர்ப்பதில்லை.

“ஏனுங்க, இன்னைக்கு யாரும் வேண்டாங்க. சாயங்காலம் வரைக்கும் நான் தனியா இருக்கோணும்.”

அவன் கால் மெஷின் மிதியிலிருந்து இறங்கியது. “திரும்பவும் வந்துருச்சா? புலியா?”

“புலி இல்லீங்க” என்றாள். சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. “நாந்தான் கேக்கறேன். எனக்கு எப்பவும் வேணும்னு இருந்திருக்கும்போல. கேக்கத் தெரியாம இருந்திருக்கேன்.”

நாச்சிமுத்து எழுந்து, மடியிலிருந்த நூல்களைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போனான். கூடியிருந்தவர்களிடம் ஏதோ சொன்னான். ஒருவருக்கும் கேட்கவில்லை. மாணவி ஒருத்தி, “என்னங்க மாமா?” என்று காதைச் சாய்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தான்.

“துளசி இன்னைக்குத் தனியா இருக்கோணுமாம். எல்லாரும் சாயங்காலமா வாங்க.”

தெருக்கோடி டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். கொல்லைப்புறம் போய்க்கொண்டிருந்த துளசிமணி அதைக் கேட்டுச் சிரித்தபடியே கதவைச் சாத்திக்கொண்டாள்.